சனிக்கிழமை ரோந்து

கோல்பி ஸ்ட்ரௌட் தன் மனைவியைச் சனிக்கிழமைகளில்தான் அடிப்பான். குடித்துவிட்டு நிலை தவறி அடிக்கிற ஆள் இல்லை. யோசித்து அடிக்கிறவன். ஹாக்லி என்ற மலை மாவட்டத்தில் வெள்ளிக்கிழமை மாலை ரோந்து நின்றால், திங்கள் காலை வரைக்கும் சாலையில் ஒரு போலீஸ் வண்டி கிடையாது. உள்ளூர்ப் பத்திரிகையிலேயே அந்த நேரங்களை அச்சிட்டிருந்தார்கள், மக்கள் தெரிந்து நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. கோல்பி தெரிந்து நடந்துகொண்டான்.

மர அறுவை ஆலைகள் மூடியபின் மாவட்டத்தின் கஜானா வறண்டு போயிருந்தது. ரோந்துக்காக வீட்டு வரியைக் கொஞ்சம் ஏற்றலாமா என்று மூன்று முறை வாக்கெடுப்பு வைத்தார்கள். மூன்று முறையும் மக்கள் வேண்டாம் என்றார்கள். ரோந்து போகிற போலீஸ்காரர்களான டெபுட்டிகள் வேலையிழந்து பக்கத்து மாவட்டங்களுக்குப் போய்விட்டார்கள். மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரீஃபிடம் மிஞ்சியது இரண்டு பேர். அதில் ஒருத்தி வெர்னா ரஸ்க், வயது நாற்பத்தாறு, இதே மலையில் பிறந்து வளர்ந்தவள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கோல்பி தன் மனைவி டெல்லாவின் தாடையை உடைத்தான். அவசர எண்ணுக்கு அவள் போன் செய்தபோது மறுமுனையில் இருந்த ஐலீன், அனுப்புவதற்கு ஆளே இல்லாமல், "எங்கயாச்சும் ஒளிஞ்சுக்க முடியுமா, கண்ணு?" என்று கேட்டாள். டெல்லா கோழிக் கூண்டுக்குள் போய் ஒளிந்தாள். அவன் அங்கேயே வந்து காலைப் பிடித்து வெளியே இழுத்து, தண்ணீர்த் தொட்டியின் இரும்பு விளிம்பில் அவள் முகத்தை மோதினான். திங்கட்கிழமை வெர்னா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காயங்களைப் படம் எடுத்தாள். கம்பி போட்டுக் கட்டிய பற்களுக்கு நடுவிலிருந்து டெல்லா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சனிக்கிழமைல யாராச்சும் இருப்பீங்களா?"

வெர்னா கேமராவை உறைக்குள் போட்டு மூடினாள்.

கோல்பியைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். சிறையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் பற்றாமல், மார்ச் தொடக்கத்தில் பாதிப் பேரை வெளியே விட்டார்கள். டெல்லாவின் பக்கம் போகக்கூடாது, துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டிருந்தார். அவன் தன் தாய் ஓப்பலின் வீட்டுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டில் போய்க் குடியேறினான். அங்கிருந்து டெல்லாவின் வீடு இரண்டு திருப்பம் தள்ளி.

சனிக்கிழமைக்கு ஒரு டெபுட்டி வேண்டும் என்று ஊர்க்காரர்களே கிளம்பியது அப்போதுதான். தீவனக் கடை வைத்திருந்த ஹோமர் டில்லன் அதை முன்னின்று நடத்தினான். தொண்டர் தீயணைப்புப் படைக்கும் அவன்தான் தலைவன். வரி என்றால் கதவைச் சாத்துகிறவர்கள் குலுக்கல் சீட்டு என்றால் பர்ஸைத் திறப்பார்கள் என்பது அவன் கணக்கு. முதலில் கையால் தைத்த கம்பளிப் போர்வையைப் பரிசாக வைத்தார்கள். பெட்ரோலுக்குக்கூட வரவில்லை. அடுத்து புகைபோட்ட பன்றித் தொடை. அதுவும் அப்படித்தான். மூன்றாவதாக, தொலைநோக்கி பொருத்திய புத்தம் புதிய மான் வேட்டைத் துப்பாக்கி ஒன்றைச் சிவப்பு ரிப்பன் கட்டி மேசையில் வைத்தான். ஒரே வாரத்தில் சீட்டுகள் தீர்ந்துபோயின.

குலுக்கல் ஞாயிறு மதியம், விவசாயிகள் சங்கக் கூடத்தில். பெரிய அண்டாவில் மாட்டிறைச்சியும் பீன்ஸும் காரமாகக் கொதித்துக்கொண்டிருந்தன. சோள ரொட்டி தட்டுத் தட்டாக வந்துகொண்டிருந்தது. வெர்னா சீருடையில் வந்திருந்தாள். யாருக்காகக் காசு போடுகிறோம் என்று மக்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஹோமர் சொல்லியிருந்தான்.

"நம்ம காசுல வாங்கின டெபுட்டி பாரு," என்றான் ஒருவன், தட்டோடு வரிசையில் நின்றபடி. "நல்லாச் சாப்பிடு வெர்னா. சனிக்கிழமை நீ எனக்குச் சொந்தம்."

"உன் சீட்டுக்கு என் இடது கால் பூட்ஸ்தான் வரும், கிளெம். அதுவும் பழசு," என்றாள் வெர்னா. வரிசை சிரித்தது.

ஹோமர் தீவன வாளிக்குள் கையை விட்டுக் கலக்கி ஒரு சீட்டை எடுத்தான். படித்தான். அவன் முகம் ஒரு கணம் செத்துப்போனது. பிறகு சத்தமாகச் சொன்னான்.

"ஓப்பல் ஸ்ட்ரௌட்."

கூடம் கைதட்டியது. சிலர் தட்டவில்லை. எழுபது வயது ஓப்பல் பின்வரிசையிலிருந்து எழுந்து, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

வெர்னா ஹோமரின் முழங்கையைப் பிடித்துப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே இழுத்துப் போனாள்.

"அது அந்த வீட்டுக்குப் போகக் கூடாது ஹோமர்."

"அந்தம்மா மேல ஒரு கேஸ் கிடையாது. சட்டப்படி அவங்க பொருளு."

"அவங்க கொல்லையில யாரு படுத்திருக்கான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். எனக்குத் தெரியாம இந்த மலையில என்ன இருக்கு?" ஹோமர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "உள்ள இருநூறு பேர் உக்காந்திருக்கான். சீட்டு விழுந்தவளுக்குப் பரிசு இல்லேன்னு சொன்னா என்ன ஆகும்? டில்லன் திருடன்னு சொல்லுவான். அதோட சரி. ஒரு பய இனிமே காசு தர மாட்டான். உன் சனிக்கிழமையும் போச்சு. டெல்லாவுக்கு யாரு போவா, நீயே சொல்லு."

வெர்னா உள்ளே போய் ஓப்பலிடம் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"ஓப்பலம்மா, இதை ஹோமரோட இரும்புப் பெட்டியில வெச்சிருக்கட்டும். வித்துக் குடுத்து காசைக் கையில தந்துடுவாரு."

ஓப்பலின் கழுத்து சிவந்தது. "என் வீட்ல என் பொருளை வெச்சுக்கக் கூடாதா? நான் என்ன செஞ்சேன்? அவன் அடிச்சான்னா நானா அடிச்சேன்?"

"அப்படிச் சொல்லலம்மா."

"அப்படித்தான் சொல்ற. எல்லாரும் அப்படித்தான் பாக்குறீங்க. ரொட்டி எடுக்கப் போனாக்கூட நகந்து நிக்கிறாளுங்க." அவள் கண்ணில் நீர் கட்டியது. "பெட்டியில போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்துல மாட்டிக்கிறேன். வித்து பல்லு கட்டிக்கணும். போதுமா, டெபுட்டி?"

கூடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. வெர்னா பார்த்தது வேறு ஒன்றை: தண்ணீர்த் தொட்டியின் விளிம்பையும் ஆளில்லாத சனிக்கிழமைகளையும். தடுத்தால் சனிக்கிழமை போகும். விட்டால் ஒரு பூட்டை நம்ப வேண்டும். அவள் பூட்டை நம்பினாள்.

வழக்கப்படி படம் எடுத்தார்கள். நடுவில் ஓப்பல், கையில் துப்பாக்கி, ஒரு பக்கம் ஹோமர், மறுபக்கம் வெர்னா. பத்திரிகையில் வந்த அந்தப் படத்தில் மூன்று பேரும் சிரிக்கிறார்கள்.

மறுநாள் தீயணைப்பு நிலையத்தின் முன்னால் இருந்த அறிவிப்புப் பலகையில் ஹோமர் பிளாஸ்டிக் எழுத்துகளைக் கோத்தான். 'உங்கள் தயவால் இனி சனிக்கிழமையும் ரோந்து உண்டு. நன்றி.' நெடுஞ்சாலையில் போகிற ஒவ்வொருவர் கண்ணிலும் பட்டது. காசு கொடுத்தவனுக்குக் காசு எங்கே போனது என்று காட்டாவிட்டால் மறுபடி கொடுக்க மாட்டான் என்றான்.

முதல் சனிக்கிழமை வெர்னா காலையிலேயே வண்டியை எடுத்தாள். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. டெல்லா வீட்டு வழியாக ஒருமுறை போனாள். டெல்லா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கிக் காட்டினாள். வெர்னாவும் காட்டினாள். அன்று அவள் மனசு லேசாக இருந்தது.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், மாவட்டத்தின் மறுகோடியில் ஒரு மாட்டுத் தகராறைத் தீர்த்துக்கொண்டிருந்தபோது ஐலீனின் குரல் வந்தது.

"வெர்னா. டெல்லா கூப்பிட்டா. அவன் வண்டி அவ வாசல்ல நிக்குதாம். லைன் கட்டாயிடுச்சு."

"மாநிலப் போலீஸ்?"

"ஒரு மணி நேரம் ஆகும்ங்கிறான். தனியா போகாதேன்னு ஷெரீஃப் சொல்லச் சொன்னாரு."

"சொல்லிட்டேல்ல. நல்லது," என்று வெர்னா வண்டியைத் திருப்பினாள்.

போகும்போது அவளுக்குப் பயம் இருந்தது, ஆனால் தெரிந்த பயம். அவன் எப்போதும் கையைத்தான் கொண்டுவருவான். வெறும் கையோடு வருகிறவனை அவளால் சமாளிக்க முடியும்.

டெல்லா வீட்டுக்கு முன்னால் இருந்த ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் முன்கண்ணாடி வெடித்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி இடது தோள் பின்னால் போனது. அடுத்த குண்டு இஞ்சினில் இறங்கி நீராவி பீச்சியது. வண்டி சறுக்கி வேலிக்கம்பத்தில் மோதி நின்றது. அவள் வலது பக்கக் கதவைத் திறந்து சேற்றில் விழுந்தாள். முன்சக்கரத்துக்குப் பின்னால் ஊர்ந்துபோய் ஒடுங்கினாள். இடது கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது, வேறு யாருடைய கையோ மாதிரி. சட்டைக்குள் ரத்தம் சூடாக இறங்கியது.

"டெபுட்டி," என்று கோல்பியின் குரல் வீட்டுப் படியிலிருந்து வந்தது. கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுகிற குரல். "போர்டு போட்டிருந்தீங்களே, சனிக்கிழமை வருவேன்னு. அதான் வெறுங்கையோட வர வேண்டாம்னு நெனச்சேன்."

வெர்னா பம்பருக்கு அடியில் பார்த்தாள். அவன் டெல்லாவின் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான். அவளுடைய ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, உதடு கிழிந்து தொங்கியது. படிக்கட்டில் ரத்தம் இழுபட்டிருந்தது. அவன் மற்றொரு கையில் அந்தத் துப்பாக்கி. தொலைநோக்கியின் மேல் ஹோமர் கட்டிய சிவப்பு ரிப்பன் இன்னும் இருந்தது.

"கோல்பி, அவளை விடு. நாம பேசலாம்."

"என்ன பேசறது? நீங்க பேசித்தானே என்னை நாயி மாதிரி அம்மா வீட்டுக் கொல்லையில கட்டுனீங்க." அவன் டெல்லாவை உலுக்கினான். "சொல்லுடி. உன் போலீஸ் வந்திருக்கு. இவ்வளவு பேரு காசு போட்டு வாங்கிக் குடுத்திருக்காங்க. பாரு, எப்படிச் சேத்துல கெடக்குதுன்னு."

ஒற்றைக் கையால் நீளத் துப்பாக்கியைக் குறிவைக்க முடியாது. மறுபடி சுட வேண்டுமானால் அவன் அவள் முடியை விட வேண்டும். அது வெர்னாவுக்குத் தெரிந்தது. டெல்லாவுக்கும் தெரிந்தது. அவள் தலையைத் திருப்பி அவன் மணிக்கட்டைக் கடித்தாள். இணைந்து இன்னும் மாதம் ஆகாத தாடை. அது மறுபடி உடைந்த சத்தம் வெர்னாவுக்கே கேட்டது. டெல்லா பல்லை எடுக்கவில்லை. கோல்பி முதல் முறையாகக் கத்தினான். துப்பாக்கியின் கட்டையால் அவள் காதுக்குமேல் அடித்தான். மறுபடி அடித்தான். அவள் படியிலிருந்து உருண்டு முற்றத்தில் விழுந்தாள்.

அவன் துப்பாக்கியை இரண்டு கையாலும் தூக்கி, விழுந்துகிடந்தவளைச் சுட்டான்.

அதே கணத்தில் வெர்னா எழுந்து நின்றிருந்தாள். மறைவை விட்டு வெளியே, வெயிலில், நல்ல கையில் கைத்துப்பாக்கியோடு. அவள் சுட்ட முதல் குண்டு கதவு நிலையைச் சிதறடித்தது. இரண்டாவது அவன் வயிற்றில் பட்டது. அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். துப்பாக்கியை அவள் பக்கம் திருப்பினான். அவள் நடந்துகொண்டே சுட்டாள், குண்டுகள் தீரும் வரைக்கும். அவன் படியில் உட்கார்ந்தான், பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான். தொண்டையில் நுரைத்த ரத்தத்தோடு ஏதோ சொல்லப் பார்த்தான். துப்பாக்கியைக் காலால் எத்தித் தள்ளிவிட்டு வெர்னா அவனைத் தாண்டிப் போனாள்.

டெல்லாவின் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு குண்டு தொடை வழியாக வெளியேறியிருந்தது. வெர்னா கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி, சுருட்டி, காயத்துக்குள் திணித்து, அதன்மேல் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தாள். இரண்டு பேருடைய ரத்தமும் ஒரே மண்ணில் இறங்கியது.

"தூங்காதே. டெல்லா, என்னைப் பாரு. தூங்காதே."

தாடை தொங்கிய வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. வெர்னா குனிந்தாள்.

"வந்துட்ட," என்றாள் டெல்லா.

ஹோமரின் தீயணைப்பு வண்டிதான் முதலில் வந்தது. இரண்டு பேரையும் அதில்தான் ஏற்றினார்கள். ஹோமர் படியில் கிடந்த பிணத்தைப் பார்த்தான். அதற்குப் பக்கத்தில் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தான். சிவப்பு ரிப்பனைப் பார்த்துவிட்டு வேலியோரம் போய் வாந்தியெடுத்தான்.

ஓப்பலின் வீட்டுக்கு மாநிலப் போலீஸ்காரர்கள் போனார்கள். அவள் சமையலறைத் தரையில் பிணமாகக் கிடந்தாள். சொன்னபடியே அவள் சாவியைக் கழுத்தில்தான் மாட்டியிருந்திருக்கிறாள். அவன் கேட்டிருக்கிறான், அவள் தரவில்லை. கைவிரல்கள் மூன்று ஒடிந்திருந்தன. சாவி கோத்திருந்த கயிற்றைப் பின்னாலிருந்து முறுக்கியே அவன் சாவியை எடுத்திருந்தான். கயிறு தோலுக்குள் புதைந்திருந்தது. அடுப்பில் காபி கரிந்து போயிருந்தது.

வெர்னாவின் தோளில் தகடு வைத்துத் திருகினார்கள். மே மாதத்தில் நான்காவது முறையாக வரிக்கு வாக்கெடுப்பு நடந்தது. இந்த முறை எதிர்த்தவர்கள் முன்னைவிட அதிகம். குலுக்கலே போதுமே, டெபுட்டி வந்துதானே ஒரு உசுரைக் காப்பாத்தினா என்று கடைவாசலில் பேசிக்கொண்டார்கள். வரி போட்டால் மேலிடத்தில் தின்பார்கள். குலுக்கல் காசு நேராக வெர்னாவின் பெட்ரோல் டாங்க்கில் விழுகிறது என்றார்கள்.

கழுத்திலிருந்து கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வெர்னா தீயணைப்பு நிலையத்துக்குப் போன மதியம், ஹோமர் பலகைக்குக் கீழே ஏணி போட்டு ஏறி நின்றிருந்தான். பெட்டி நிறைய எழுத்துகள்.

"வந்தியா. நல்லதாப் போச்சு. அடுத்த மாசத்துலேர்ந்து நீ வேலைக்கு வரலாம்னு டாக்டர் சொன்னாராமே. ஞாயித்துக்கிழமைக்கும் சேத்துக் காசு வந்திருக்கு." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஜனங்க கொட்டுறான். இப்போ என்ன பரிசு வெச்சாலும் வாங்குவான். துப்பாக்கிதான் வைக்கணும்னு இல்ல."

"இல்ல. வைக்கக் கூடாது."

"சரி. கேட்டுக்கிட்டேன். ஆட்டுக்கடா வெச்சுக்கலாம்." அவன் 'ச' எழுத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். "இதுல என்ன எழுதட்டும்? சனி ஞாயிறு ரெண்டும்னு போடவா?"

நிலையத்தின் நிழலில் ஒரு கார் நின்றிருந்தது. அதிலிருந்து டெல்லா இறங்கினாள். முதலில் ஊன்றுகோல், பிறகு கால். அவள் நடை இனி அப்படித்தான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பலகையில் பழைய வாசகம் பாதி அப்படியே இருந்தது. அவள் அதை நிமிர்ந்து படித்தாள்.

"அதை எடுங்க," என்றாள்.

"அதைத்தான் மாத்தப் போறேன், டெல்லா."

"மாத்த வேண்டாம். எடுங்க. கிழமையே வேண்டாம்."

"காசு குடுத்தவன் கேப்பானே. எந்த நாளு ரோந்து, எத்தனை மணிக்குன்னு. நான் என்னன்னு சொல்றது?"

"நான் எல்லா நாளும் வருவேன்னு நெனச்சுக்கட்டும்," என்றாள் வெர்னா. "இல்லேன்னா எந்த நாளும் வர மாட்டேன்னு. ரெண்டுல எதுன்னு யாருக்கும் தெரியக் கூடாது. பேப்பர்காரனுக்கும்."

"உனக்கே தெரியாம எப்படி வேலைக்கு வருவ?"

"காலையில எந்திரிச்சு பாத்துக்கறேன்."

ஹோமர் ஏணியிலிருந்து கீழே இறங்கினான். இந்த மலையில் காசு கொடுத்தவன் கேள்வி கேட்பான் என்பதும், அதற்குப் பதில் சொல்லாவிட்டால் அடுத்த மாதம் வாளி காலியாக இருக்கும் என்பதும் மூன்று பேருக்குமே தெரியும்.

வெர்னா ஏணியில் ஏறினாள், நல்ல கையால் பிடித்துக்கொண்டு. 'சனிக்கிழமையும் ரோந்து உண்டு' என்பதை எழுத்தெழுத்தாக உருவிக் கீழே கொடுத்தாள். டெல்லா ஒவ்வொன்றாக வாங்கிப் பெட்டியில் போட்டாள். 'நன்றி' மட்டும் பலகையின் ஓரத்தில் மிச்சம் நின்றது. அதை எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

நெடுஞ்சாலையில் ஒரு பிக்கப் வேகத்தைக் குறைத்துப் பலகையைப் பார்த்துவிட்டுக் கடந்துபோனது. டெல்லா அதன் எண்ணைப் பார்த்தாள். வளைவில் மறையும் வரைக்கும் பார்த்தாள்.

"அடுத்த மாசம் எந்தெந்த நாள் வருவ?" என்று கேட்டாள், ஊன்றுகோலில் சாய்ந்து, தாழ்ந்த குரலில்.

"உனக்கும் சொல்ல மாட்டேன்."

டெல்லா தலையாட்டினாள். பெட்டியின் மூடியைப் போட்டு மூடினாள்.